‘சீ’ என்ற ஒரு சொல்



அல்லாஹ்வின் திருநாமத்தைக் கொண்டு ஆரம்பம் செய்கிறோம். நாம் ஆலிம் அல்ல. சிறு வயதில் மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே நம் கல்வி. மற்றதெல்லாம் கடைப் பலகையின் பின்னால் நின்று கற்றது. ஆயினும் சென்ற இரண்டு ஆண்டுகளில் நம் வீட்டில் நாம் பட்ட பாடும், அதிலிருந்து பெற்ற படிப்பினையும் நம் வியாபாரச் சகோதரர்கள் பலருக்குப் பயன்படும் என்று நெஞ்சில் பட்டதால் எழுதத் துணிந்தோம். பிழை இருந்தால் அது நம்முடையது. நன்மை இருந்தால் அது ரஹ்மானுடையது.

திருமறையின் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் வல்ல நாயன் தன்னை மட்டுமே வணங்க வேண்டும் என்று கட்டளையிட்டு, அதே மூச்சில் தாய் தந்தையருக்கு உபகாரம் செய்யும்படி சொல்கிறான். அவர்களில் ஒருவரோ இருவருமோ உன்னிடத்தில் முதுமையை அடைந்துவிட்டால் ‘சீ’ என்றும் சொல்லாதே, விரட்டாதே, கண்ணியமாகப் பேசு என்கிறான். சகோதரர்களே, ‘உன்னிடத்தில்’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். உன் வீட்டில், உன் பொறுப்பில், உன் கையை எதிர்பார்த்து முதுமை அடைந்தால் என்பது அதன் கருத்து. பெற்றோர் திடகாத்திரமாய் இருந்து நமக்குச் சம்பாதித்துக் கொடுத்த காலத்தில் ‘சீ’ என்று சொல்ல நமக்கு ஏது துணிவு? அவர்கள் தளர்ந்து, சொன்னதையே சொல்லி, கேட்டதையே கேட்டு, நம் பொறுமையைச் சோதிக்கும் நாளில்தான் அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வருகிறது. படைத்தவன் அதை அறிந்தேதான் அந்த இடத்தில் வேலி போட்டான்.

இன்னும் கேளுங்கள். நஹ்ல் அத்தியாயத்திலும் ஹஜ் அத்தியாயத்திலும் அல்லாஹுத்தஆலா மனிதர்களில் சிலரைப் பற்றிச் சொல்கிறான். எல்லாம் அறிந்திருந்தபின் ஒன்றுமே அறியாதவராய் ஆகும் அளவுக்கு, ஆயுளின் மிகத் தளர்ந்த பருவத்துக்குத் திருப்பப்படுகிறவர்கள் அவர்கள். நம் உயிரினும் மேலான நபி பெருமானார் (ஸல்) அவர்கள் அந்த நிலையிலிருந்து பாதுகாவல் தேடித் துஆச் செய்ததாக ஸஹீஹுல் புகாரியில் வந்திருக்கிறது. ஆகவே இது நம் காலத்தில் புதிதாய் முளைத்த விஷயமும் அல்ல, ஒரு குடும்பத்துக்கு வந்த இழுக்கும் அல்ல. ஆனால் நம் ஜனங்களில் பலர் இதை மூடி மறைக்கிறார்கள். “அத்தாவுக்கு வயசாச்சு, கொஞ்சம் மறதி” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். நாமும் அப்படித்தான் சாத்தினோம்.

வைத்தியர்கள் இதற்கு டிமென்ஷியா என்று பெயர் சொல்கிறார்கள். மூளையின் அணுக்கள் கொஞ்சங் கொஞ்சமாகச் சேதமடைவதால் ஞாபகமும் யோசனையும் பேச்சும் நடத்தையும் கெடுகின்றன. வயதான எல்லோருக்கும் இது வந்தே தீரும் என்பதில்லை. 1906-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து வைத்தியர் அல்ஸைமர் என்பவர் விவரித்த வகையே இதில் மிகுதி. நூற்றுக்கு அறுபது எழுபது பேருக்கு அந்த வகை. 2021-ஆம் ஆண்டில் உலகில் ஐந்து கோடியே எழுபது லட்சம் பேர் இந்நோயுடன் இருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. நம் சிங்கப்பூரில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் பதினொருவருக்கு ஒருவர் வீதம் என்று மனநலக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. வெள்ளிக்கிழமை நம் பள்ளிவாசலில் வயோதிகர்கள் உட்காரும் ஒரு வரிசையை நினைத்துப் பாருங்கள். கணக்கு விளங்கும்.

எங்கள் தகப்பனார் 1960-இல், பதினேழு வயதில், ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். எடுபிடியாய் நின்று, பிறகு பங்காளியாகி, முடிவில் சொந்தக் கடை வைத்தவர். ஐந்து இலக்கக் கணக்கை வாயாலேயே கூட்டுவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் நம்மை அழைத்து, “பழைய கடைக்கு வாடகை கட்டியாச்சா?” என்று கேட்டார். அந்தக் கடையை விட்டு நாற்பது வருஷம் ஆகிறது. கட்டியாயிற்று என்றோம். பத்து நிமிஷத்தில் மறுபடி கேட்டார். பிறகு அதுவே நாள்தோறும் ஆயிற்று. அஸர் தாண்டி வெளிச்சம் மங்கினால் அவருக்கு நிலை கொள்ளாது. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கடை திறக்கக் கிளம்பிவிடுவார். இரண்டு தடவை அடுக்கு மாடியின் கீழே வழி தெரியாமல் நின்றவரை அக்கம் பக்கத்தார் அழைத்து வந்தார்கள்.

ஒரு நாள் மஃரிபு நேரம். கடையில் அன்று சரக்குக் கணக்கு ஒத்து வரவில்லை. களைத்து வீடு வந்தோம். தகப்பனார் கூடத்தில் நின்று, தம் இடுப்புவாரில் இருந்த பணத்தை மருமகள் எடுத்துவிட்டாள் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வார் பிறகு அரிசி டின்னுக்குள் கிடைத்தது. அவரே வைத்து மறந்திருக்கிறார். ஆனால் அந்த நிமிஷத்தில் நமக்கு எங்கிருந்தோ ஷைத்தானின் வேகம் வந்தது. “சீ! வாயை மூடுங்கள்!” என்று கத்திவிட்டோம். கை ஓங்கவில்லை. ஆனால் கை உயர்ந்தது போல் இருந்திருக்க வேண்டும். அவர் சுவரோடு ஒதுங்கி நடுங்கினார். நடுங்கிக்கொண்டே சொன்னார்: “நீங்க யாரு தம்பி? அடிக்காதீங்க. என் மகன் கடையிலேருந்து வந்துடுவான்.”

சகோதரர்களே, அந்த மகன் நாம்தான். அவர் எந்த மகனின் பாதுகாப்பை நம்பி நின்றாரோ, அவனுக்கே பயந்து நடுங்கினார். அன்றிரவு இஷாவில் நின்று பனீ இஸ்ராயீலின் அந்த வசனம் நினைவுக்கு வந்தபோது தொண்டை அடைத்துவிட்டது.

தொழுது முடித்து உட்கார்ந்திருந்தோம். வீட்டார் அருகில் வந்து சொன்ன சொல் இரண்டாவது அடி. “மச்சான், நீங்க ராத்திரி ஒரு மணி நேரம் பார்த்துட்டே இப்படி ஆயிட்டீங்க. நான் விடிஞ்சதிலேருந்து பார்க்கிறேன். என்னைத் திருடின்னு சொன்னது இன்னைக்கு முதல் தடவை இல்லை.” அதற்கு முன் அவர் ஒரு நாளும் புகார் சொன்னதில்லை. இரவில் மாமனார் மூன்று முறை எழுந்தால் அவரும் மூன்று முறை எழுந்திருக்கிறார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்தச் செய்தி நமக்குத் தெரியாது.

வியாபாரிகளே, இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சரி பார்ப்போம். பெற்றோருக்குப் பணிவிடை செய்யும் கடமை மகனுக்கு உரியது. மருமகள் செய்வது அவளுடைய நல்ல குணம், ஸதகா. நாம் ஊராரிடம் “அத்தாவை நம் வீட்டில் வைத்துத்தான் பார்க்கிறோம்” என்று பெருமையாகச் சொன்னோம். பார்த்தது யார்? ஒருவர் போட்ட முதலை இன்னொருவர் பேரேட்டில் வரவு வைத்தால் அதற்கு நம் பஜாரில் என்ன பெயர்? நம் வீட்டில் மட்டும் இது நடக்கவில்லை. டிமென்ஷியா நோயாளிகளுக்குக் குடும்பத்தார் செய்யும் பராமரிப்பு நேரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு பெண்களே செய்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்களும் அபுத் தர்தா (ரலி) அவர்களும் நபிகளாரால் சகோதரர்களாக இணைக்கப்பட்டவர்கள். ஸல்மான் அவர்கள் ஒரு நாள் விருந்தாகப் போனபோது முதலில் கவனித்தது அந்த வீட்டுப் பெண்மணி தம்மைப் பேணாமல் சோர்ந்திருந்த கோலத்தை. காரணம் கேட்டார்கள். கணவர் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் வணக்கம், துன்யாவின் மேல் நாட்டமே இல்லை என்று தெரிந்தது. ஸல்மான் அவர்கள் அவரைச் சாப்பிட வைத்து, இரவில் தூங்க வைத்து, பின்னிரவில் இருவருமாய் எழுந்து தொழுதார்கள். இறைவனுக்கும் உன்மேல் ஹக்கு உண்டு, உன் ஆத்மாவுக்கும் ஹக்கு உண்டு, உன் குடும்பத்துக்கும் ஹக்கு உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடு என்று உபதேசித்தார்கள். ஸல்மான் சொன்னது உண்மை என்று பெருமானார் (ஸல்) அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். இபாதத்துக்கே இந்த அளவுகோல் என்றால் கித்மத்துக்கு வேறு அளவுகோல் உண்டா? முதலையே தின்று வியாபாரம் நடத்துகிறவன் எத்தனை நாள் கடை திறப்பான்? பராமரிப்பவரின் உடம்பும் மனமும்தான் அங்கே முதல்.

சிலர் சொல்வார்கள்: “ஸபூர் செய்ய வேண்டும், வாய் திறக்கக் கூடாது.” யஃகூப் (அலை) அவர்களை நினையுங்கள். அழகிய பொறுமையை மேற்கொண்ட நபி அவர்கள். அவர்களே மகனை எண்ணி அழுது கண் வெளுத்துப் போனார்கள் என்றும், தம் துக்கத்தை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள் என்றும் திருமறை சொல்கிறது. அழுவது பொறுமைக்கு மாறு அல்ல. உதவி கேட்பதும் மாறு அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி கற்பித்த மார்க்கம் நம்முடையது.

ஒட்டகத்தை எப்படிக் கட்டுவது? இதை நமக்குக் காட்டியது நம் மகள். பாலிடெக்னிக்கில் படிக்கிறவள். டிமென்ஷியா நோயாளிகளைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்காகவே உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ‘ஐசப்போர்ட்’ என்ற பயிற்சியை வெளியிட்டிருக்கிறது, இணையத்தின் வழியே வீட்டிலிருந்தபடியே படிக்கலாம் என்றாள். நமக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அத்தாவைப் பார்த்துக்கொள்ளக் கைத்தொலைபேசியா கற்றுக் கொடுக்கும்? ஆனால் கடையில் புது மிஷின் வாங்கினால் கம்பெனிக்காரன் கொடுக்கும் புத்தகத்தைப் படிக்காமல் பொத்தானை அமுக்குகிறோமா? அன்று கத்தியது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டோம்.

கடை சாத்தியபின் இரவு பத்து மணிக்கு மேல் மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். பாடம் இங்கிலீஷில் இருந்தது. மகள் படித்துத் தமிழில் சொன்னாள். வீட்டார் கேள்வி கேட்டார். ஐந்து பகுதிகளில் இருபத்து மூன்று பாடங்கள். நோய் இன்னதென்று ஒன்று, பராமரிப்பவராய் இருப்பது பற்றி ஒன்று, நம்மை நாமே பேணுவது பற்றி ஒன்று, உணவு, குளியல், கழிப்பறை முதலிய அன்றாடக் காரியங்கள் பற்றி ஒன்று, மாறிப்போன நடத்தையைச் சமாளிப்பது பற்றி ஒன்று. ஒரு பாடத்துக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஒரு நாள் விட்டுப் போனாலும் மறு நாள் தொடரலாம். கடையைச் சாத்திவிட்டு வகுப்புக்கு ஓட முடியாத நம் போன்றவர்களுக்கு இது பெரிய சௌகரியம்.

அதில் நெஞ்சில் தைத்தவற்றைச் சொல்கிறோம். கேட்டதையே கேட்பதும் பழி சொல்வதும் அவருடைய வேலை அல்ல, நோயின் வேலை. வாதாடி ஜெயிக்கப் பார்க்காதே, அவருடைய பயத்துக்குப் பதில் சொல். வார் காணாமற் போனால் “நான் எடுக்கவில்லை” என்று நிரூபிப்பதை விட்டு, “வாங்க அத்தா, சேர்ந்து தேடலாம்” என்று சொல். சாயங்காலம் பதற்றம் வருமானால் அதற்கு முன்பே விளக்கைப் போடு, கைக்கு ஒரு வேலை கொடு. நம் வீட்டில் மகள் ஒரு பழைய கணக்கு நோட்டையும் பென்சிலையும் அஸர் முடிந்ததும் அவர் முன் வைக்கிறாள். அவர் எண்களை எழுதிக்கொண்டே இருப்பார். பாதி நாட்கள் சாவிக்கொத்தைத் தேடுவதில்லை. மீதி நாட்கள் தேடத்தான் செய்கிறார்.

நம்மைப் பற்றிய பகுதிதான் எதிர்பாராதது. கோபம் ஏறும்போது உடம்பில் முதலில் எங்கே தெரிகிறது என்று கவனிக்கச் சொன்னது. நமக்குத் தாடை இறுகும். அந்த அடையாளம் கண்டால் மூச்சை நிதானமாக இழுத்து மெதுவாக விட்டு, அவசியமானால் அந்த இடத்தை விட்டுக் கொஞ்சம் நகரச் சொன்னது. கேட்டதும் நமக்கு ஹதீஸ் நினைவு வந்தது. கோபம் வந்தவர் நின்றால் உட்காரட்டும், அடங்காவிட்டால் சாய்ந்துகொள்ளட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை மதரஸாவில் ஓதினோமே, வீட்டில் எப்போது செய்தோம்? இப்போது தாடை இறுகினால் ஒளுச் செய்யப் போய்விடுகிறோம். ஒளு முடிந்து வருவதற்குள் பாதிக் கோபம் தண்ணீரோடு போய்விடுகிறது.

மனத்துக்குப் பிடித்த ஒன்றை, சிறியதாயினும், வாரந்தோறும் செய் என்று சொன்னது. குடும்பத்தில் மற்றவர்களிடம் இன்ன வேலை, இன்ன நேரம் என்று குறித்துக் கேள் என்று சொன்னது. “யாராவது உதவக் கூடாதா” என்று பொதுவாகப் புலம்பினால் யாரும் வர மாட்டார்கள். நாம் தம்பியிடம் ஞாயிறு காலை உன் பொறுப்பு என்று சொன்னோம், தங்கையிடம் புதன் மாலை என்று சொன்னோம். இருவரும் முகம் சுளிக்காமல் ஒப்புக்கொண்டார்கள். இத்தனை நாள் கேட்காமல் இருந்தது நம் அகம்பாவம். புதன் மாலைகளில் இப்போது வீட்டார் தம் தமக்கை வீட்டுக்குப் போய் வருகிறார். திங்கட்கிழமை பகலில் நாம் கடையை ஆளிடம் விட்டு அத்தாவுடன் இருக்கிறோம். வியாபாரம் கொஞ்சம் குறைந்தது உண்மை. ரிஸ்கு கொடுப்பவன் ஞாயிறும் கொடுக்கிறான், திங்களும் கொடுக்கிறான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், சரக்கைக் கூட்டிச் சொல்வது நம் வழக்கம் அல்ல. இந்தப் பயிற்சி நோயைக் குணமாக்காது. இந்திய தேசத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2021-இல் வெளியான முடிவில், ஆரம்பித்தவர்களில் பலர் பாதியில் விட்டுவிட்டதும், பாரம் பெரிதாகக் குறையாததும், ஆனால் நோயாளியை ஒரு மனிதராய் மதித்துப் பார்க்கும் மனப்பான்மை உயர்ந்ததும் தெரிய வந்தன. நம் அனுபவமும் ஏறக்குறைய அதுவே. மூட்டை அதே எடைதான். தூக்கும் விதம் தெரிந்தது, தோள் மாற்ற ஆள் கிடைத்தது. பாதியில் விடாமல் படிப்பதற்கு நாங்கள் மூவராய் உட்கார்ந்தது உதவியது. தூக்கமே வராமலும், எதிலும் மனம் ஒட்டாமலும், வாழ்வே கசந்தும் போகிறவர்களுக்குப் பாடம் மட்டும் போதாது, அவர்கள் வைத்தியரிடம் போக வேண்டும். அதில் வெட்கம் இல்லை.

மார்க்கச் சட்டம் குறித்து ஒரு வார்த்தை. அத்தா தொழுததை மறந்து மறுபடி தொழுவார், சில நாள் தொழவே மாட்டார். நாம் வற்புறுத்திச் சண்டையிட்டோம். தூங்குகிறவர், குழந்தை, புத்தி தப்பியவர் ஆகிய மூவரை விட்டும் பேனா உயர்த்தப்பட்டது என்ற ஹதீஸை ஆலிம் ஒருவர் நினைவூட்டினார். அல்லாஹ் எழுதாத கணக்கை நாம் ஏன் எழுதினோம்? தெளிவுள்ள நேரத்தில் பக்கத்தில் நின்று நாம் தொழுதால் அவரும் கை கட்டுகிறார். ஃபாத்திஹாவை ஒரு எழுத்து தப்பாமல் ஓதுகிறார். மகன் பெயர் மறந்த நாவில் அது நிற்கிறது. நோன்பு, பித்யா, அவருடைய பணத்தின் ஸகாத் ஆகியவற்றில் அவரவர் மத்ஹபுப்படி ஆலிம்களைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

வியாபாரிகளுக்கு இன்னும் ஒன்று. தகப்பனார் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும், யார் அவருக்குத் தர வேண்டும் என்பதெல்லாம் அவர் நெஞ்சுக்குள் இருந்தது. நெஞ்சு பூட்டிக்கொண்டபின் சாவி கிடைக்கவில்லை. கடனைப் பற்றி எழுதி வைக்கும்படி பகரா அத்தியாயத்தில் எவ்வளவு நீளமாகச் சொல்லப்பட்டிருக்கிறது! எழுதுங்கள். மேலும் இந்நாட்டில் 2008-ஆம் வருஷத்து மனத்திறன் சட்டத்தின்படி, இருபத்தொரு வயது நிரம்பிய எவரும், புத்தி தெளிவாய் இருக்கும்போதே, பிற்காலத்தில் தம் காரியத்தைப் பார்க்க நம்பிக்கையான ஒருவரை ‘லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி’ என்ற பத்திரத்தால் நியமிக்கலாம். தெளிவு போனபின் அந்த வழி அடைபட்டுவிடும், குடும்பத்தார் நீதிமன்றம் ஏற வேண்டி வரும். நாங்கள் அப்படித்தான் ஏறினோம். அதில் நியமிக்கப்படுகிறவர் கையில் இருப்பது அமானிதம் என்பதையும் மறவாதீர்கள்.

முடிவாக நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். 1990-இல் அல்ஸைமர் நோய்ச் சங்கமாக ஆரம்பித்து 2021-இல் டிமென்ஷியா சிங்கப்பூர் என்று பெயர் மாறிய அமைப்பு இருக்கிறது, பகல் நேரப் பராமரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அவை அரிய பணி செய்கின்றன. ஆனால் பக்கத்து வீட்டுச் சகோதரன் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஒருவர் இரண்டு ஜும்ஆவுக்கு வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். போனால் ஸல்மான் (ரலி) அவர்களைப் போல வீட்டிலுள்ளவர் முகத்தையும் கவனியுங்கள். ஒரு மணி நேரம் நோயாளியோடு உட்கார்ந்து அவருடைய பழைய கப்பற் கதையைக் கேளுங்கள். பத்தாவது தடவையாய் இருந்தாலும் முதல் தடவைபோல் கேளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு பெண் தலை சாய்த்துத் தூங்குவாளானால், அந்தத் தூக்கத்துக்கு உங்களுக்குக் கூலி எழுதப்படும் என்பது நம் நம்பிக்கை.

இன்றும் அத்தா கேட்கிறார்: “பழைய கடைக்கு வாடகை கட்டியாச்சா?” “கட்டியாச்சு அத்தா. பாக்கி ஒன்றும் இல்லை” என்கிறோம். அதில் பொய்யும் இல்லை. முகம் தெளிந்து, “அல்ஹம்துலில்லாஹ்” என்கிறார். நாளைக்கு நம் பேரேடு திறக்கப்படும் நாளில் பாக்கி ஒன்றும் இல்லை என்று சொல்லப்படுமா என்பதே நம் கவலை. அன்று மாலை சொன்ன அந்த ஒரு சொல் அதில் எழுதப்பட்டிருக்கிறது. தவ்பாவால் அழித்துவிடும்படி ரப்பிடம் இறைஞ்சிக்கொண்டிருக்கிறோம்.

யா அல்லாஹ்! எங்களைச் சிறுவயதில் வளர்த்த பெற்றோர்மீது நீ கிருபை செய்வாயாக. அவர்களைப் பேணும் கைகளுக்குப் பலமும், அந்தக் கைகளுக்கு உதவ இன்னும் பல கைகளும் தருவாயாக. எங்கள் நாவைக் காத்து, எங்கள் வீட்டுப் பெண்கள் படும் பாட்டைப் பார்க்கும் கண்ணையும் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.